நோயைப் பற்றி இணையத்தில் தேடும்போது எந்தச் சொல்லைத் தட்டுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது. அப்பாவின் இதயத் துடிப்பு சீராக இல்லை என்று பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. அறிக்கையில் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று எழுதி, ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை ஒன்றை மருத்துவர் கொடுத்திருக்கிறார். அன்றிரவே 'ரத்தம் மெலிதாக்கும் மாத்திரை ஆபத்து' என்று இணையத்தில் தேடினீர்கள். மூளையில் ரத்தக்கசிவு வரும் என்றது ஒரு பக்கம். கீரையைத் தொடவே கூடாது என்றது இன்னொன்று. மாத்திரையே வேண்டாம், இயற்கையாகவே சரிசெய்துவிடலாம் என்றது மூன்றாவது. இரண்டு மணி நேரம் படித்தும் பயம்தான் மிஞ்சியது. தேடிய விதத்தில் என்ன தவறு, எப்படித் தேடியிருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

நான் மருத்துவ நூலகர். மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்கும் சில சமயம் நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் தேடித் தருவதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. உங்கள் அக்கறையில் ஒரு தவறும் இல்லை. நீங்கள் தட்டிய நான்கு சொற்களில்தான் சிக்கல். முதல் மூன்று சொற்களும் சேர்ந்து இரண்டு வெவ்வேறு மருந்து வகைகளைக் குறிக்கின்றன. நான்காவது சொல், என்ன பதில் வர வேண்டும் என்பதை நீங்கள் கேட்கும்போதே முடிவுசெய்துவிட்டது.

உங்களுக்குத் தேவையான நல்ல பதிலை யாரோ ஒருவர் ஏற்கெனவே எங்கோ எழுதி வைத்திருக்கிறார். அவர் எந்தச் சொற்களால் அதை எழுதியிருப்பார் என்று ஊகித்து, அந்தச் சொற்களைத் தட்டுவதுதான் தேடல். இன்றைய தேடுபொறிகள் ஒத்த பொருள் கொண்ட சொற்களை ஓரளவு தாமே கண்டுகொள்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் பயந்தவர் பயந்த சொற்களில் கேட்டால், பயந்தவருக்காக எழுதப்பட்ட பக்கங்களே முன்னால் வருகின்றன. எதையாவது விற்க நினைப்பவர்களுக்கு நீங்கள் நள்ளிரவில் என்ன சொல்லைத் தட்டுவீர்கள் என்று நன்றாகத் தெரியும். அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து அவர்கள் காத்திருக்கிறார்கள். கவனமாக எழுதும் மருத்துவரோ மருந்தின் சரியான பெயரைத் தலைப்பில் வைக்கிறார். அந்தப் பெயர் உங்களிடம் இல்லாததால் அவரிடம் போய்ச் சேர முடியவில்லை.

முதலில் அந்த மூன்று சொற்களைப் பார்ப்போம். ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் ஒரு வகை, ரத்தத்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தடுப்பது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஆகியவை அதில் சேரும். அதன் பெயர் ஆன்டிபிளேட்லெட். இன்னொரு வகை, ரத்தம் உறையும் வேதிவினைத் தொடரில் குறுக்கிடுவது. வார்ஃபரின், டபிகட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் ஆகியவை அதில் அடங்கும்; அதன் பெயர் ஆன்டிகோஆகுலன்ட். இரண்டுமே ரத்தத்தை உண்மையில் மெலிதாக்குவதில்லை, உறைவதைத்தான் கட்டுப்படுத்துகின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் பக்கவாதத்தைத் தடுக்கப் பொதுவாகக் கொடுப்பது இரண்டாவது வகை.

நீங்கள் படித்த கீரை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வார்ஃபரின், வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துச் செயல்படும் மருந்து. கீரையில் வைட்டமின் கே அதிகம் என்பதால் அதன் வீரியம் மாறக்கூடும். அங்கேகூட இன்றைய அறிவுரை கீரையை நிறுத்துங்கள் என்பதல்ல. தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுங்கள், திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்பதுதான். அபிக்ஸபான் போன்ற புதிய மருந்துகளுக்கு இந்தக் கீரைக் கணக்கே கிடையாது. அப்பாவுக்கு எழுதியிருப்பது அபிக்ஸபானாக இருந்தால், அவருக்குத் தொடர்பே இல்லாத ஒரு தடையைப் படித்துவிட்டு அவர் தட்டிலிருந்து கீரையை எடுத்துவிடப் பார்த்தீர்கள். தேடலில் பொதுச் சொல்லைப் போட்டால் இப்படித்தான் வேறொருவருக்கு எழுதிய அறிவுரை நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

ஆகவே தேடல் பெட்டியைத் திறக்கும் முன் கையில் உள்ள தாள்களைத் திறங்கள். மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை, பரிசோதனை அறிக்கை ஆகிய மூன்றிலும் நீங்கள் தேட வேண்டிய சொற்கள் அச்சிடப்பட்டே இருக்கின்றன. அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று நிறுவனம் வைத்த வணிகப் பெயர். இன்னொன்று மருந்தின் உண்மையான பெயர், அதாவது பொதுப் பெயர். அந்தப் பொதுப் பெயர்தான் உங்களுக்கு வேண்டும். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். பொதுப் பெயரை உலகச் சுகாதார நிறுவனம் ஒழுங்குபடுத்துகிறது. அதன் முதல் பட்டியல் 1953-இல் வந்தது. அதனால் எங்கே எழுதப்பட்ட பக்கமாக இருந்தாலும் அந்தப் பெயர் இருக்கும்.

இதற்குச் சில விலக்குகள் உண்டு, தெரிந்துவைத்திருப்பது நல்லது. பாரசிட்டமாலை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்கிறார்கள். மூச்சிரைப்புக்கான சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால். அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். ஒரு பெயரில் தேடிக் கிடைக்காதது மறு பெயரில் கிடைக்கும். ரத்தசோகை, வயிற்றுப்போக்கு, ரத்தக்கசிவு, குழந்தை மருத்துவம் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களுக்குப் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் ஒன்று, அமெரிக்க எழுத்துக்கூட்டல் ஒன்று. பொதுத் தேடுபொறி இதைச் சமாளித்துவிடும். ஒரு தளத்துக்குள் இருக்கும் சிறிய தேடல் பெட்டி பெரும்பாலும் சமாளிக்காது.

மருந்துப் பெயரை நினைவிலிருந்து தட்டாதீர்கள், அட்டையைப் பார்த்து எழுத்து எழுத்தாகத் தட்டுங்கள். தேடுபொறி உங்கள் பிழையைத் தானே திருத்தி, தனக்குப் பழக்கமான வேறொரு மருந்தைக் காட்டிவிடக்கூடும். ஹைட்ராக்ஸிசின் அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படுவது. ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்குத் தரப்படுவது. இந்த இரண்டு பெயர்களையும் மருத்துவத் துறையினரே மாற்றிப் படித்துவிடுகிறார்கள் என்பதற்காகக் குழப்பம் தரும் பெயர்களின் பட்டியல்களில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 'நீங்கள் தேடியது இதுவா?' என்று திரையில் வரும் வரியைப் படிக்காமல் கீழே இறங்க வேண்டாம்.

பரிசோதனை எண்ணைத் தேடும்போது அலகையும் சேர்த்துத் தட்டுங்கள். ரத்தச் சர்க்கரை சில நாடுகளில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், வேறு சில நாடுகளில் லிட்டருக்கு மில்லிமோல். முன்னதில் 126 என்பது பின்னதில் 7. அலகு இல்லாமல் வெறும் எண்ணைத் தேடிவிட்டு, 'ஏழுக்கு மேல் போனாலே சர்க்கரை நோய்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, தன்னுடைய 98-ஐ நினைத்து நடுங்கியவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இனி தமிழில் தேடுவதைப் பற்றி. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. நம் அன்றாடச் சொற்கள் உடம்பை வேறு விதமாகப் பங்கிட்டு வைத்திருக்கின்றன. கால் என்றால் இடுப்புக்குக் கீழே விரல் நுனிவரை அனைத்தும் கால்தான். மருத்துவப் பக்கங்களில் பாதம் வேறு, கணுக்கால் வேறு, கெண்டைக்கால் வேறு, தொடை வேறு. 'கால் வீக்கம்' என்று தேடினால் வருவதும், 'ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம், வலி' என்று தேடினால் வருவதும் ஒன்றல்ல. முன்னது நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பதில் தொடங்கிச் சிறுநீரகம்வரை போகும். பின்னது ஆழ்சிரை ரத்த உறைவை முன்னால் கொண்டுவரும். அது உடனே பார்க்கப்பட வேண்டிய ஒன்று. வயிறு என்றால் இரைப்பையா, குடலா, அடிவயிறா? சளி என்றால் மூக்கில் வடிவதா, இருமும்போது நெஞ்சிலிருந்து வருவதா?

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்தும் சொல் மயக்கம். தலை சுற்றுவதும் மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம், நினைவு தப்பி விழுவதும் மயக்கம், தூக்கக் கலக்கமாக இருப்பதும் மயக்கம். இந்த நான்குக்கும் காரணங்கள் வேறு வேறு. அறையே சுழல்வதுபோல் இருந்தால் பல சமயம் உள்காதில் பிரச்சினை. எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். நினைவு தப்பினால் இதயத்தைச் சோதிப்பார்கள். 'மயக்கம் ஏன் வருகிறது' என்று ஒரே சொல்லில் கேட்டால் நான்கும் கலந்த கூழ்தான் கிடைக்கும். எனவே நடந்ததை முதலில் ஒரு முழு வாக்கியமாகத் தாளில் எழுதுங்கள்: எந்த இடத்தில், எப்போதிலிருந்து, எதைச் செய்தால் அதிகமாகிறது, கூடவே வேறென்ன. அந்த வாக்கியத்திலிருந்து மூன்று நான்கு சொற்களைப் பொறுக்கித் தட்டுங்கள். மருத்துவரும் இதைத்தான் கேட்பார், ஆகவே அந்தத் தாள் வீணாகாது.

நோய்ப் பெயர்களிலும் இதே நிலைதான். சர்க்கரை நோய் என்று தேடினால் ஒரு குவியல், நீரிழிவு என்று தேடினால் வேறொரு குவியல். பின்னதில் நிறுவனங்கள் எழுதியவை கூடுதலாகக் கண்ணில் படுகின்றன என்பது என் அனுபவம். காசநோய், டிபி என்று இரண்டையும் போட்டுப் பாருங்கள். வெறும் 'அம்மை' என்று தட்டினால் சின்னம்மையும் தட்டம்மையும் கலந்து வரும். மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் ஒன்றல்ல: முன்னது இதயத் தசைக்கு ரத்தம் போகும் வழி அடைபடுவது, பின்னது இதயம் போதிய அளவு ரத்தத்தை இறைக்க முடியாமல் தளர்வது. தமிழில் நல்ல பக்கங்கள் இருக்கின்றன, ஆனால் எண்ணிக்கை குறைவு. ஒரு பொருளைப் பற்றி நல்ல பக்கங்கள் குறைவாக இருக்கும் இடத்தில் மோசமானவை எளிதாக முதலிடத்துக்கு வந்துவிடும். இந்த நிலைக்குத் 'தரவு வெற்றிடம்' என்று 2018-இல் ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். ஆகவே ஆங்கிலம் ஓரளவு படிக்க முடிந்தால் நோயின் ஆங்கிலப் பெயரிலும் ஒரு முறை தேடி, இரண்டையும் ஒப்பிடுங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் பக்கத்தை மொழிபெயர்க்கும் வசதியைப் பயன்படுத்தலாம். அப்போது மாத்திரை அளவையும் 'கூடாது' போன்ற எதிர்மறைச் சொற்களையும் மூலத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பில் அவைதான் சறுக்கும்.

வாயு என்ற சொல்லுக்காக மட்டும் தனியே ஒரு எச்சரிக்கை. நெஞ்சு அழுத்துவதை 'வாயுப் பிடிப்பு' என்று தேடினால் செரிமானக் குறிப்புகள் வரும். தேடியவர் அதைப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மாரடைப்பு முற்றிக்கொண்டிருக்கலாம். நெஞ்சில் அழுத்தம், திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணுதல், கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், நிற்காத ரத்தப்போக்கு ஆகியவற்றுக்கு எந்தச் சொல்லும் சரியான தேடல் சொல் அல்ல. அந்த நேரத்தில் கைபேசியை அவசர உதவியை அழைக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

இப்போது உங்கள் நான்காவது சொல்லுக்கு வருகிறேன்: 'ஆபத்து'. ஒரு மருந்தின் பெயரோடு ஆபத்து என்று சேர்த்தால் ஆபத்தை மட்டுமே எழுதிய பக்கங்கள் வரும். நன்மை என்று சேர்த்தால் நன்மையை மட்டுமே எழுதியவை வரும். இரண்டும் தராசின் ஒரு தட்டை மறைத்துவிடுகின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. வார்ஃபரின் அந்த அபாயத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. ரத்தக்கசிவு அபாயம் உண்மையானது. ஆனால் அதை எதனுடன் ஒப்பிட வேண்டும் என்ற தகவல் உங்கள் தேடலில் வந்து சேரவே இல்லை. 'எக்ஸ் என்ற பொருளால் புற்றுநோய் வருமா' என்று கேட்பதும் இப்படித்தான்; வரும் என்று சொல்பவர்கள்தான் அந்தத் தலைப்பில் எழுதுவார்கள். பதிலுக்குத் திசை காட்டாத சொற்களைச் சேருங்கள்: பலன்களும் அபாயங்களும், சான்றுகள், வழிகாட்டு நெறிமுறை, முறைசார் மீளாய்வு (ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோடுவது). ஆங்கிலத்தில் எவிடன்ஸ், கைட்லைன், சிஸ்டமேட்டிக் ரிவியூ. இந்தச் சொற்களை மருந்து விற்பவர் அபூர்வமாகத்தான் எழுதுவார்.

அறிகுறிகளைத் தேடும்போது பயம் எப்படி ஏறுகிறது என்பதை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ரயன் வைட்டும் எரிக் ஹார்விட்ஸும் ஆராய்ந்து 2009-இல் கட்டுரை வெளியிட்டார்கள். சாதாரணத் தலைவலியில் தொடங்கிய தேடல் படிப்படியாக மூளைக் கட்டிக்குப் போய்விடுவதை அவர்கள் விவரித்தார்கள். அரிய, கொடிய நோய்களைப் பற்றி இணையத்தில் நிறைய எழுதப்படுகிறது. அடிக்கடி வந்து தானாகப் போகும் தொல்லைகளைப் பற்றி யாரும் பக்கம் பக்கமாக எழுதுவதில்லை. அதனால் திரையில் ஒரு நோய் எத்தனை முறை தென்படுகிறது என்பதற்கும் அது உங்களுக்கு வரும் வாய்ப்புக்கும் தொடர்பு கிடையாது. அறிகுறியோடு 'பொதுவான காரணங்கள்' என்று ஒரு தேடலும், 'எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்' என்று ஒரு தேடலும் போதும். 'இது புற்றுநோயா' என்ற தேடலைத் தொடங்கவே வேண்டாம்.

சில குறியீடுகள் உதவும். ஒரு தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்தால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்களைத் தேடுபொறி தேடும். ஒரு சொல்லின் முன்னால் இடைவெளி இல்லாமல் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகும். விற்பனைப் பக்கங்கள் மொய்க்கும்போது இது நல்ல துணை. இரண்டு பெயர்களுக்கு நடுவே 'ஆர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டால் இரண்டில் ஏதேனும் ஒன்று உள்ளவை வரும். பாரசிட்டமால், அசிட்டமினோஃபென் போன்ற இரட்டைப் பெயர்களுக்கு இதுதான் மருந்து. நான் மிக அதிகமாகப் பயன்படுத்துவது வேறொன்று: 'சைட்' என்ற ஆங்கிலச் சொல், உடனே முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் ஒரு தளத்தின் முகவரி. அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடல் நடக்கும். கோடிக்கணக்கான பக்கங்களில் நல்லதைப் பொறுக்குவதைவிட, நல்ல பக்கங்கள் இருக்கும் இடத்துக்குள் போய்த் தேடுவது எவ்வளவோ எளிது.

எந்தத் தளங்கள்? நோயாளிகளுக்கு எளிய மொழியில் எழுதுவதற்காகவே அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1998-இல் தொடங்கிய மெட்லைன்பிளஸ் ஒன்று. பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையான என்எச்எஸ் தளம் இன்னொன்று. மருந்துகளைப் பற்றி அது எழுதும் கேள்வி பதில்கள் மிகத் தெளிவானவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் தகவல் தாள்கள் உண்டு. 1993-இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பு, ஒரு சிகிச்சை பற்றிய நம்பகமான ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோட்டு, கடைசியில் எளிய மொழிச் சுருக்கம் ஒன்றையும் தருகிறது. அவற்றில் ஒரு பகுதி தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. தாய்ப்பால் கொடுப்பவர் எந்த மருந்தை எடுக்கலாம் என்ற கேள்விக்கு லாக்ட்மெட் என்ற தனித் தரவுத்தளமே இருக்கிறது. மருந்தின் பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்தால் நேரே அங்கே போகலாம்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் 1996-இல் வந்தது, இன்று 3.5 கோடிக்கும் மேலான கட்டுரைகளின் விவரங்கள் அதில் உள்ளன. அங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 1960 முதல் மருத்துவ நூலகர்கள் 'மெஷ்' என்ற தலைப்புச் சொல் பட்டியலைப் பராமரித்துவருகிறார்கள்; கட்டுரைகளுக்கு அந்தப் பட்டியலிலிருந்து பெயர் சூட்டப்படுகிறது. நீங்கள் ஹார்ட் அட்டாக் என்று தட்டினாலும் அது மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன் என்ற தலைப்புச் சொல்லையும் சேர்த்துத் தேடும். எழுதியவரின் சொல்லை ஊகிக்க வேண்டும் என்றேனே, அந்த ஊகத்தை எங்கள் துறையினர் உங்களுக்காக முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறார்கள். இது எங்கள் தொழிலின் பெருமை என்றே நினைக்கிறேன்.

ஆனால் பப்மெட்டில் ஒரு கட்டுரை இருப்பது அதற்கான நற்சான்றிதழ் அல்ல. தட்டம்மை உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆட்டிசத்துடன் இணைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998-இல் வெளியிட்ட கட்டுரையும் அங்கே இருக்கிறது. 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட அதை லான்செட் இதழ் 2010-இல் திரும்பப் பெற்றது. பப்மெட்டில் அந்தக் குறிப்போடுதான் அது இருக்கும். எலிகளில் செய்த ஆய்வும், குடுவையில் வளர்த்த உயிரணுக்களில் செய்த ஆய்வும் அங்கே நிறைய. இடதுபக்கம் உள்ள வடிகட்டியில் முறைசார் மீளாய்வு என்பதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு தொடங்குங்கள். சிகிச்சை பற்றிய கேள்வி என்றால், யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதனுடன் ஒப்பிட்டு, எந்த விளைவுக்காக என்று நான்கு துண்டாக உடைத்து, துண்டுக்கு ஒரு சொல் எடுங்கள். மருத்துவ மாணவர்களுக்கு நாங்கள் முதல் வகுப்பில் கற்றுத் தருவது இதுதான்.

தேதியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மருத்துவ அறிவுரை காலாவதியாகும், ஆனால் காலாவதியான பக்கம் இணையத்திலிருந்து தானாக மறையாது. ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்கு 3 வயதுவரை வேர்க்கடலை தர வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2000-இல் சொன்னது. 2008-இல் அந்த அறிவுரையை விலக்கிக்கொண்டது. சிறு வயதிலேயே அறிமுகப்படுத்துவது ஒவ்வாமையைக் குறைக்கிறது என்று 2015-இல் ஒரு பெரிய சோதனை காட்டியது. மூன்று காலத்துப் பக்கங்களும் இன்று ஒரே தேடலில் அடுத்தடுத்து வரும். உங்கள் விஷயத்திலும் அப்படித்தான். டபிகட்ரான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2010-இல், அபிக்ஸபான் 2012-இல். அதற்கு முன் எழுதிய பக்கத்துக்கு வார்ஃபரினைத் தவிர வேறு எதுவும் தெரியாது. 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு ஆஸ்பிரின் போதும்' என்று சொல்லும் பழைய பக்கங்களும் இருக்கின்றன. பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரினை மட்டும் நம்ப வேண்டாம் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2020 நெறிமுறை சொல்கிறது. ஆகவே தேடுபொறியின் கருவிப் பட்டியலில் காலத்தைக் குறுக்கிக்கொள்ளுங்கள். பக்கத்தின் அடியில் 'கடைசியாக மீளாய்வு செய்த தேதி' இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத மருந்துப் பக்கத்தை நான் படிப்பதில்லை.

ஒரு பக்கம் நம்பத் தகுந்ததா என்று அறிய அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. வெள்ளை அங்கி அணிந்த படத்தை யாரும் போடலாம். 'ஆர்க்' என்று முடியும் முகவரியை யாரும் வாங்கலாம். தரச் சான்று முத்திரையும் அப்படித்தான்: மருத்துவத் தளங்களுக்கு ஹான்கோட் என்ற முத்திரையை வழங்கிவந்த ஜெனீவா அமைப்பு 2022-இல் மூடப்பட்டுவிட்டது; அந்த முத்திரையை இன்று எங்காவது பார்த்தால் அதற்குப் பின்னால் யாரும் இல்லை. தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் வேறு விதமாகச் செய்கிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒரு பக்கத்தைத் திறந்ததும் அவர்கள் அதிலிருந்து வெளியே வந்து, அதை நடத்துபவர் யார் என்று வேறு தாவல்களில் தேடுகிறார்கள். தளத்தின் பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்து ஒரு முறை தேடுங்கள். அவர்கள் சொல்வதையே அவர்களைத் தவிர வேறு யாராவது சொல்கிறார்களா என்று பாருங்கள். விளம்பரம் என்ற சிறு குறிப்புடன் மேலே வரும் முடிவுகளைத் தாண்டிப் போங்கள். இப்போது முடிவுகளுக்கும் மேலே செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கம் ஒன்று வருகிறது. அது தெளிவாக எழுதும், தவறாகவும் எழுதும். இரண்டுக்கும் குரலில் வித்தியாசம் இருக்காது. அதில் வரும் மருத்துவச் சொற்களை எடுத்துக்கொண்டு, அது காட்டும் மூலப் பக்கத்தைத் திறந்து படியுங்கள். மாத்திரை அளவை அதிலிருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள்.

பக்கவிளைவுப் பட்டியலைப் படிக்கும் முறையும் தேடலின் ஒரு பகுதிதான். மருந்தின் பொதுப் பெயருடன் 'நோயாளி தகவல் தாள்' என்பதன் ஆங்கிலச் சொற்களான பேஷன்ட் இன்ஃபர்மேஷன் லீஃப்லெட் என்பதைச் சேர்த்துத் தேடுங்கள். ஐரோப்பிய நாடுகளின் தாள்களில் பக்கவிளைவுகளைப் பிரித்து வைத்திருப்பார்கள். 'மிகப் பரவலானது' என்றால் பத்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ. 'பரவலானது' என்றால் நூறில் ஒருவர் முதல் பத்தில் ஒருவர்வரை. 'மிக அரிது' என்றால் 10,000-இல் ஒருவருக்கும் குறைவு. அந்தச் சொற்களுக்குப் பின்னால் எண் இருக்கிறது என்று தெரியாமல் படித்தால் முப்பது வரியும் ஒரே அளவு பயமுறுத்தும்.

அப்பாவின் பெயரையும் அடையாள எண்ணையும் தேடல் பெட்டியிலோ செயற்கை நுண்ணறிவுக் கருவியிலோ தட்ட வேண்டாம். அறிக்கையைப் படமெடுத்து ஏற்றுவதாக இருந்தால் மேல்பகுதியை மறைத்துவிடுங்கள்.

இனி உங்கள் தேடலை மறுபடியும் செய்வோம். முதல் தேடல்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பதை ஆங்கிலத்தில் தட்டி, என்எச்எஸ் அல்லது மெட்லைன்பிளஸ் தளத்துக்குள் மட்டும். நோய் என்ன என்பது பதினைந்து நிமிடத்தில் பிடிபடும். இரண்டாவது: அட்டையில் உள்ள பொதுப் பெயர், அதே தளத்துக்குள். ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது, எந்த வலி மாத்திரையைத் தவிர்ப்பது, எந்த ரத்தக்கசிவுக்கு உடனே போவது என்பவை அங்கே இருக்கும். மூன்றாவது: சாட்ஸ்-வாஸ்க் என்ற சொல். வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் போன்றவற்றைக் கூட்டி ஒருவரின் பக்கவாத அபாயத்தைக் கணிக்கும் மதிப்பெண் முறை அது. அப்பாவுக்கு ஏன் இந்த மாத்திரை என்ற கேள்விக்கு மருத்துவர் மனத்தில் இருந்த கணக்கு அநேகமாக இதுதான். மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படிக்கும்போது புரியாதவற்றைத் தாளில் கேள்வியாக எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த வகை மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தம் உறையும் அபாயம் கூடும். அட்டையில் உள்ள பொதுப் பெயரை எனக்கு எழுதி அனுப்பினால், எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.